ஒரே ஆளுக்கு இரண்டு நோயேடுகள்: மனநோயும் உடல் குறைபாடும் சேர்ந்தவருக்குத் தொழில்முறைச் சிகிச்சை

"ஒன்றுமே செய்யமாட்டேன் என்கிறார்." குளிப்பது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்முறைச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் புகாரோடுதான் வருகின்றன. மனநோய் மட்டும் உள்ளவரைப் பற்றி இதைச் சொன்னால் எங்கே தேடுவது என்று ஓரளவு தெரியும். கால் எடுக்கப்பட்டவர், பக்கவாதத்தில் கை விழுந்தவர், முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், இவர்களுக்கு மனநோயும் சேர்ந்திருக்கும்போது அதே புகார் பெரிய புதிராகிவிடுகிறது. மனநலப் பிரிவில் அவருக்கு ஓர் ஏடு இருக்கும், எலும்புப் பிரிவிலோ சர்க்கரை நோய்க் கிளினிக்கிலோ இன்னோர் ஏடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் படிப்பவர் அநேகமாக யாருமில்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று நாம் அழைக்கும் தொழில்முறைச் சிகிச்சையாளரின் முதல் கடமை அதுதான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் இத்தகைய ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்காகவும், படிப்பை முடித்துக் கட்டாய சமூக சேவை ஆண்டில் இருக்கும் இளம் சிகிச்சையாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். விளக்கத்துக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவர் சாட்ஸ்வர்த்தில் அக்காவோடு வாழும் ஐம்பத்திரண்டு வயதுக்காரர். இளமையிலேயே மனச்சிதைவு நோய் வந்தது, பின்னால் சர்க்கரை நோய் வந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அக்கா அழைப்பதுபோல் நாமும் அவரைத் தம்பி என்றே அழைப்போம். மற்றவர் பீனிக்ஸில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஆயா. பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தது, அதன் பிறகு கடுமையான மனச்சோர்வு. இருவரும் கற்பனை மனிதர்கள்தான். ஆனால் அந்த ஊர்களில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் இவர்களைப் போன்ற ஒருவரின் வீட்டைக் காட்டுவார்கள்.

முதல் படி: ஏன் செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள்

தம்பி குளிப்பதில்லை. காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம், நான்கும் கலந்தும் இருக்கலாம். மனச்சிதைவு என்றதும் குரல் கேட்பதும் சந்தேகமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. எதையும் தொடங்கும் உந்துதலே வற்றிப்போவதும் அந்த நோயின் அறிகுறிதான். அதைச் சோம்பல் என்று ஏசிப் பயனில்லை. இது ஒன்று. ஒற்றைக் காலோடு குளியல் தொட்டிக்குள் இறங்கப் பயப்படுகிறார் என்பது இரண்டு. இரவு விழுங்கிய மாத்திரையின் மயக்கம் காலை பத்து மணி வரை தெளிவதில்லை என்பது மூன்று. அக்காவே ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார், ஆகவே அவர் எழுந்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்பது நான்கு.

நான்குக்கும் பரிகாரம் வேறு வேறு. காரணம் தெரியாமல் சுவரில் கைப்பிடி பொருத்தினால் அதில் துண்டு காயும், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குச் செய்யாததை மாலை நான்கு மணிக்குச் செய்கிறாரென்றால் மருந்தின் மீது சந்தேகம் கொள்ளலாம். வார்டில் செய்வதை வீட்டில் செய்யவில்லையென்றால் வீட்டையும் வீட்டாரையும் பாருங்கள். "போய்க் குளியுங்கள்" என்றால் அசையாதவர் "துண்டை எடுங்கள்" என்றதும் எடுக்கிறார், "சட்டையைக் கழற்றுங்கள்" என்றதும் கழற்றுகிறார் என்றால் உடம்பில் கோளாறு இல்லை. தொடங்குவதும் வரிசையாகச் செய்வதும்தான் அவருக்குச் சிக்கல்.

பார்தெல் இண்டெக்ஸ் போன்ற அளவீட்டுத் தாள்களை நிரப்பும் வழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் உண்டு. பார்தெல் அளவீட்டில் உண்பது, உடுத்துவது, படியேறுவது எனப் பத்து இனங்கள், மொத்தம் 100 மதிப்பெண். நிரப்புங்கள், தவறில்லை. ஆனால் அது ஒருவர் என்ன செய்கிறார் என்று சொல்லுமே தவிர ஏன் செய்யவில்லை என்று சொல்லாது. தேநீர் போடச் சொல்லி அருகில் நின்று பார்த்தால் அரைமணி நேரத்தில் அந்தத் தாளைவிட அதிகம் தெரியும்.

இரண்டாம் படி: ஒரு நோய் இன்னொன்றை மறைக்கும் இடங்கள்

நான் பார்த்தவரை பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான். மனநோயாளி என்று முத்திரை விழுந்த பிறகு உடம்பு சொல்லும் எல்லாவற்றையும் மனநோய்க் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உடல் குறைபாடு கண்ணை உறுத்தினால் மனநோயை யாரும் தேடுவதே இல்லை.

"இல்லாத கால் விரல் அரிக்கிறது" என்கிறார் தம்பி. ஏட்டில் "மாயத்தோற்றம்" என்று எழுதி மருந்தைக் கூட்டுவதற்கு முன் நில்லுங்கள். கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இல்லாத உறுப்பு இருப்பதுபோன்ற உணர்வு வரும். வலிப்பவர்களும் பலர். அது நரம்பின் வேலை, மனச்சிதைவு அல்ல. அதே தம்பி "என் காலை ஆஸ்பத்திரியில் வைத்து அதன் வழியாக என்னைக் கட்டுப்படுத்துகிறார்கள்" என்று சொன்னால் அது வேறு கதை. முன்னதற்கு வெட்டிய காலின் முனையைத் தட்டிக்கொடுப்பது, தடவுவது, இறுக்கமான உறை போடுவது போன்றவை உதவும். பின்னதை அன்றே மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கக்கூடும் என்பதுதான் சங்கடம்.

ஆயா தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுகிறார். மருமகள் அதை வீம்பு என்கிறார், மருத்துவர் மனச்சோர்வால் பசியில்லை என்கிறார். தட்டை அரைவட்டம் திருப்பி வையுங்கள். மீதியையும் சாப்பிட்டாரென்றால் மூளை இடது பக்கத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறது என்று பொருள். திருப்பிய பிறகும் தொடவில்லையென்றால் மனச்சோர்வைத் தேடுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "கை விழுந்தால் அழத்தானே செய்வார்கள்" என்று அதை ஒதுக்கிவிடுவது நம் வீடுகளில் சாதாரணம். சிகிச்சை தந்தால் தேறக்கூடிய நோய் அது.

மூன்றாவது, உயிருக்கே ஆபத்தானது. மார்பின் நடுப்பகுதிக்கு மேல் முதுகுத்தண்டு அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை, படபடப்பு வந்தால் பீதித் தாக்குதல் என்று எண்ணி மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். இரத்த அழுத்தம் எகிறிக்கொண்டிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரை அழையுங்கள். மலச்சிக்கலும் இதைத் தூண்டும். மனநோய் மருந்துகளில் பல மலச்சிக்கலை உண்டாக்குபவை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

சிலருக்கு மனநோய் முற்றிய நாளில் உயிரை விட முயன்றதாலேயே உடல் குறைபாடு வந்திருக்கும். குடும்பத்தில் அதைப்பற்றி யாரும் பேசமாட்டார்கள். சிகிச்சையாளர் அதைத் தோண்டத் தேவையில்லை, தெரியாததுபோல் நடிக்கவும் கூடாது. எந்தக் கருவியைக் கையில் கொடுப்பது, எப்போது தனியே விடுவது என்பதெல்லாம் அந்த வரலாற்றைச் சார்ந்தே முடிவாகும்.

மூன்றாம் படி: மருந்துச் சீட்டை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

மருந்தை மாற்றும் உரிமை நமக்கில்லை. கவனித்துச் சொல்லும் கடமை இருக்கிறது. நோயாளியோடு தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்காரும் ஆள் வேறு யாரும் கிடையாது.

ஓலான்சபின், குளோசபின் இரண்டும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. தம்பியின் கால் போனதற்குச் சர்க்கரை காரணமென்றால், சர்க்கரைக்கு மருந்தும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எடை ஏறினாலும் இறங்கினாலும் செயற்கைக் காலில் வெட்டிய காலை நுழைக்கும் குழி பொருந்தாமல் போகும், தோல் உரசிப் புண்ணாகும். எடை பார்க்கும் அட்டை ஒரு பிரிவில், செயற்கைக் கால் செய்பவர் இன்னொரு பிரிவில் என்று இருந்தால் இந்தத் தொடர்பு யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

குளோர்புரோமசின், குளோசபின் போன்றவை எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். இரண்டு கால் உள்ளவருக்கே தலை சுற்றும், ஒற்றைக் காலில் எழுபவர் விழுந்தே விடுவார். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, நிதானித்து, பிறகு நிற்பது என்று பழக்குங்கள்.

ஹாலோபெரிடால், மாதாந்தர ஊசிகள் ஆகியவற்றால் சிலருக்கு உட்கார முடியாத தவிப்பு வரும். நடக்க முடிந்தவர் அங்குமிங்கும் நடப்பார். சக்கர நாற்காலியில் இருப்பவர் என்ன செய்வார்? முன்னும் பின்னும் ஆடுவார், இருக்கையில் உரசுவார். "முரண்டு பிடிக்கிறார்" என்று பெல்ட் போட்டுக் கட்டினால் ஒரு வாரத்தில் பிட்டத்தில் புண் வரும். தவிப்பு மருந்தால் வந்தது என்று தெரிந்தால் மருத்துவர் அதைச் சரிசெய்ய முடியும்.

லித்தியம் எடுப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உடல் குறைபாடு உள்ளவருக்கு வலி இருக்கும். வலிக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போடுவார்கள். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு இரண்டும் நம் கிளினிக்குகளில் சர்வசாதாரணம். இவை எல்லாமே இரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடியவை. முதல் அடையாளம் சிகிச்சை அறையில்தான் தெரியும்: நேற்று தளும்பாமல் பிடித்த கோப்பை இன்று தளும்புகிறது, கையெழுத்து கோணுகிறது, நாக்கு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. வாந்தியோ பேதியோ சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே கை நடுங்குபவர், ஏற்கெனவே தள்ளாடுபவர் என்பதால் இதைத் தவறவிடுவது எளிது. ஆகவே நல்ல நாளில் அவர் எழுதிய இரண்டு வரியை ஏட்டில் ஒட்டி வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நான்காம் படி: எந்த நிலையில் இருக்கிறார் என்று பாருங்கள்

இதற்குத் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த ஒரு முறை இருக்கிறது. வோனா டு டோயிட் என்ற தொழில்முறைச் சிகிச்சையாளர் 1960களில் வகுக்கத் தொடங்கியது. அவர் 1974இல் மறைந்தார். படைப்புத்திறன் மாதிரி என்று பெயர். இன்று பிரிட்டனிலும் ஜப்பானிலும் கூடப் பயன்படுகிறது. ஒருவருடைய உந்துதல் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் செயலும் இருக்கும், உந்துதல் படிப்படியாக வளரும் என்பது அதன் சாரம். ஒன்பது நிலைகள் உண்டு. நாம் வார்டிலும் வீட்டிலும் அதிகம் சந்திப்பவை கீழேயும் நடுவிலும் உள்ள சிலதான்.

ரொட்டியை வைத்துச் சொல்கிறேன். கீழ் நிலையில் இருப்பவர் மாவைக் கையில் கொடுத்தால் பிய்த்துப் போடுவார். அழிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை, அது என்னவென்று பிடிபடவில்லை. அடுத்த நிலையில் மாவைத் தொடுவார், அழுத்துவார், உருட்டிப் பார்ப்பார். ரொட்டி வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், தொட்டுப் பார்ப்பதே அன்றைய சிகிச்சை. அதற்கும் மேலே, அருகில் ஒருவர் நின்று சொல்லிக்கொண்டேயிருந்தால் உருண்டை பிடிப்பார், கொஞ்சம் கடினமானதும் விட்டுவிடுவார். அதற்கு அடுத்த நிலையில் இருப்பவர் மாதிரியைப் பார்த்து அதைப்போலவே செய்வார், பக்கத்து ஆளின் ரொட்டியைவிடத் தன்னுடையது வட்டமாக இல்லையே என்று வருத்தப்படுவார். அந்த வருத்தம் நல்ல செய்தி. அதற்கும் மேலே போனவர் "நம் வீட்டில் இப்படிச் செய்யமாட்டோம்" என்று தன் முறையைச் சொல்வார்.

உடம்பின் திறனும் இந்த நிலையும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகவேண்டியதில்லை. தம்பியின் இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன, நிலை கீழே இருக்கிறது. ஆயாவுக்கு ஒரு கைதான், நிலை மேலே இருக்கிறது. ஆயாவுக்கு உதவிக் கருவிகள் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்வார். தம்பிக்கு அதையே கொடுத்தால் மூலையில் கிடக்கும்.

செயற்கைக் கால் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. காலுறை போடவேண்டும், உள்ளுறை மாட்டவேண்டும், குழிக்குள் இறக்கவேண்டும், பட்டையை இறுக்கவேண்டும், மாலையில் கழற்றித் தோலைப் பார்க்கவேண்டும். வரிசை தவறினால் புண். ஓரிரு படிக்கு மேல் தாங்காத நிலையில் இருப்பவருக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். அதற்காக "மனநோயாளிக்குச் செயற்கைக் கால் எதற்கு" என்று ஏட்டை மூடிவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம். நோய் தணிந்து நிலை ஏறும்போது மறுபடியும் பார்க்கவேண்டும் என்று தேதி போட்டு எழுதுங்கள். அதுவரை முழங்கால் மடங்கி இறுகிவிடாமல் காக்கவேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வேலையைத் தேர்ந்தெடுத்து, வெட்டித் தைத்துக் கொடுங்கள்

வார்டுகளில் இன்னும் கூடை பின்னுவதும் வண்ணம் தீட்டுவதும்தான் நடக்கின்றன. கூடையில் குற்றமில்லை. ஆனால் ஆயா வாழ்நாளில் கூடை பின்னியதில்லை. ரொட்டி தேய்த்திருக்கிறார், பூ கட்டியிருக்கிறார், ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சியிருக்கிறார். கை மறந்ததை மனம் நினைவில் வைத்திருக்கும் வேலைகள் அவை.

ஆயா ஒற்றைக் கையால் ரொட்டி செய்வதைப் பார்ப்போம். பலகை நகராமலிருக்க அடியில் ஈரத்துணியை விரியுங்கள். விலையுயர்ந்த வழுக்காத விரிப்பு இல்லாவிட்டாலும் இது போதும். விழுந்த இடது கையைக் கண்ணுக்குத் தெரியும்படி பலகையின் ஓரத்தில் வையுங்கள். பலகைக்கு எடையாகும், ஆயாவின் பார்வையும் இடது பக்கம் திரும்பும். மாவுப் பாத்திரத்தையும் வேண்டுமென்றே இடது பக்கம் வையுங்கள், தேடட்டும். உருளைக்கட்டையின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினால் ஒரு கையாலும் தேய்க்க வரும், வட்டம் வருவதற்குச் சில நாள் ஆகும். அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு விதி: இடது கை எங்கே இருக்கிறது என்று ஆயா வாய்விட்டுச் சொல்லவேண்டும். உணர்ச்சியற்ற கை தோசைக்கல்லின் மேல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. மருமகள் "நான் சுட்டுத் தருகிறேன், நீங்கள் உட்காருங்கள்" என்று வந்தால் நயமாகத் தடுத்துவிடுங்கள். கோணல் ரொட்டியைப் பேரன் ஒருவன் அங்கேயே நின்று தின்பது பெரிய மருந்து.

காய் நறுக்குவதற்கு இரண்டு ஆணி அடித்த பலகை ஒற்றைக் கைக்காரர்களின் பழைய துணை. காயை ஆணியில் குத்தி நிறுத்திவிட்டு நறுக்கலாம். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர் இருக்கும் அறையில் அந்தப் பலகையை வைக்காதீர்கள். உடல் குறைபாட்டுக்கான கருவி மனநோயின் கண்ணில் ஆயுதமாகும் இடம் இதுபோல் பல உண்டு: கைத்தாங்கியின் நீளப் பட்டைகள், சக்கர நாற்காலியின் பெல்ட், பூ கட்டும் நூல். கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது பழைய வார்டு வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட. அதே சமயம் பயத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் சிகிச்சை என்று எதுவும் மிஞ்சாது. செண்டுமல்லி மாலைக்குக் கூர் ஊசிக்குப் பதில் மழுங்கிய தடித்த ஊசி, ஒரு முழ நூல், எதிரில் உட்கார்ந்த ஆள் என்று ஆபத்தைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடருங்கள்.

தம்பிக்கு மாலை கட்டுவது இப்போதைக்கு எட்டாது. பூக்களை நிறம் பிரித்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும். குரல்கள் கேட்கும் நாளில் ஐந்து நிமிடம். குழுவில் வட்டமாக உட்காரவைப்பதைவிட ஒருவர் பக்கத்தில் ஒருவராக வேலை செய்யவைப்பது சந்தேகம் மிகுந்தவர்களுக்கு இதமாக இருக்கும், முகத்துக்கு நேரே யாரும் பார்ப்பதில்லையே.

வெட்டிய காலையும் மிச்சமிருக்கும் பாதத்தையும் தினமும் பார்ப்பது தம்பியின் முக்கியமான வேலை. சர்க்கரையால் பாதம் மரத்திருக்கும். மனச்சிதைவு உள்ளவர்கள் பலர் வலியைச் சொல்வதும் குறைவு. ஆகவே வலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க முடியாது, கண்ணால்தான் பார்க்கவேண்டும். பாடநூல்கள் கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. கண்ணாடியைக் கண்டாலே கலங்கும் நோயாளிகள் உண்டு, கைப்பேசியில் படம் எடுத்தால் யாருக்கோ அனுப்புகிறார்கள் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. அப்படியானால் அக்கா பார்க்கட்டும், மாலைத் தேநீர் வேளையில், தினமும் ஒரே நேரத்தில்.

ஆறாம் படி: வீட்டை அளந்து பாருங்கள்

சாட்ஸ்வர்த் 1960களில் மேட்டிலும் சரிவிலும் எழுப்பிய ஊர். தெருவிலிருந்து வாசலுக்கு ஐந்து படி ஏறும் வீடும் உண்டு, வாசலிலிருந்து கீழே இறங்கும் வீடும் உண்டு. சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்குப் பொது விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளம். ஒரு படி 17 சென்டிமீட்டர் என்றால் ஐந்து படிக்கு 85 சென்டிமீட்டர், சாய்தளத்தின் நீளம் பத்து மீட்டருக்கு மேல் வரும். அந்த முற்றத்தில் அதற்கு எங்கே இடம்? குறுக்கி நட்டுக்குத்தாகக் கட்டிய சாய்தளங்களைப் பார்க்கிறோம், நாற்காலி பின்புறமாகக் கவிழ்வதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். கால் இல்லாதவரின் எடை பின்பக்கம் சாய்வதால் அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பின்னால் கவிழாத துணைச் சக்கரம் பொருத்தச் சொல்லுங்கள். சாய்தளத்துக்கு இடமில்லாத வீட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட்டு, உட்கார்ந்தபடியே படிப்படியாக ஏறி இறங்கப் பழக்குவது பல சமயம் நடைமுறைக்கு உகந்தது. மேலே ஒரு நாற்காலி, கீழே ஒன்று கிடைத்தால் யோகம்.

குளியலறையில் தொட்டியின் குறுக்கே பலகை இருக்கை, சுவரில் கைப்பிடி, கொதிநீர் முதலில் வராத ஏற்பாடு. இவ்வளவு போதும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும்.

சக்கர நாற்காலியில் உட்காருபவர் அரைமணிக்கு ஒருமுறையாவது முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ பிட்டத்துக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். உந்துதல் குறைந்தவருக்கு இது தானாக நினைவுக்கு வராது. வானொலியில் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் குனியவேண்டும் என்று பழக்கினால் கடிகாரம் வைப்பதைவிட நன்றாக நிற்கும்.

ஏழாம் படி: குடும்பம், கோயில்

அக்காவிடம் "நீங்கள் அதிகமாகச் செய்கிறீர்கள்" என்று சொல்வது கொடுமை. முப்பது ஆண்டாக அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு வேலையைத் திருப்பித் தரும்படி கேளுங்கள், "தம்பி தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்" என்று. அவருக்கு ஓய்வு எப்போது, அவர் படுத்துவிட்டால் யார் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

கோயிலைச் சிகிச்சைக்கு எதிரியாக நினைக்காதீர்கள். தம்பிக்கு வெளியே போகும் ஆசை இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். காவடிக்கு மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலுக்குப் போகவேண்டும் என்கிறாரென்றால் அதையே குறிக்கோளாக எழுதுங்கள். வேனில் ஏறி இறங்குவது, கூட்டத்தில் பொறுமையாக இருப்பது, மண்ணில் நாற்காலியை உருட்டுவது என்று மாதக்கணக்கில் பயிற்சிக்கு விஷயம் இருக்கிறது. ஆனால் தைப்பூசம் நமக்குக் கோடையின் உச்சம். விரதத்தில் தண்ணீர் குறைத்து வெயிலில் நின்றால் லித்தியம் நஞ்சாகும், சாப்பிடாமல் சர்க்கரை மருந்து போட்டால் மயக்கம் வரும், குளோர்புரோமசின் எடுப்பவருக்குத் தோல் வெந்துபோகும். விரதத்தை எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட்டு, பூசாரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பால், பழம், தண்ணீர் விரதத்துக்கு விரோதமில்லை என்று அவர் சொன்னால் அக்கா கேட்பார்.

எட்டாம் படி: சட்டம், பணம், வேலை

2002ஆம் ஆண்டின் 17ஆம் எண் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. வார்டைக் கழுவச் சொல்வதும் துணி துவைக்கச் சொல்வதும் சிகிச்சையா, ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டுவதா என்ற கேள்வி எழுந்தால், அவருக்கான குறிக்கோள் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறதா, வேண்டாமென்று அவர் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாஸா முகமையின் ஊனமுற்றோர் உதவித்தொகை 18 வயது முதல் 59 வரை, வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தரப்படுகிறது. 2025இல் மாதம் 2,300 ராண்டைச் சற்றுத் தாண்டியது. தற்காலிகம், நிரந்தரம் என இரு வகை உண்டு. 60 வயதில் முதியோர் தொகைக்கு மாறும். முழுநேரமும் இன்னொருவர் பார்த்துக்கொள்ளவேண்டிய நிலையில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு பராமரிப்புத் தொகை உண்டு, பல குடும்பங்கள் அதைக் கேட்பதே இல்லை. விண்ணப்பத்தோடு போகும் சிகிச்சையாளர் குறிப்பில் நோயின் பெயரைவிட நாள் முழுவதும் அவரால் என்ன முடியவில்லை என்பதே எடுபடும். "மனச்சிதைவு, கால் நீக்கம்" என்று எழுதாதீர்கள். "தனியே விட்டால் மருந்து எடுப்பதில்லை, கழிப்பறைக்குப் போக ஒருவர் பிடிக்கவேண்டும், புண் வந்தாலும் சொல்வதில்லை" என்று எழுதுங்கள். இரண்டு ஏட்டிலிருந்தும் சேர்த்து எழுதுங்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் தகுதியில்லை என்று தள்ளப்படுபவர் இரண்டும் சேர்ந்தால் தகுதி பெறலாம்.

வேலைக்குப் போகக்கூடியவருக்கு, குறைபாடு உள்ளவர்களுக்கென்றே நடத்தும் பாதுகாப்புப் பட்டறை முதல் படியாகலாம். சம்பளம் சொற்பம், காலையில் எழுந்து போக ஓர் இடம் என்பதுதான் அதன் மதிப்பு. போகும் வேன் டாக்ஸி சக்கர நாற்காலியை ஏற்றுமா, மடித்து வைக்க இரண்டாம் டிக்கெட் கேட்பார்களா என்பதை முதலில் விசாரியுங்கள். பட்டறையில் இடம் கிடைத்தும் டாக்ஸியால் நின்றுபோனவர்கள் அதிகம்.

ஒன்பதாம் படி: அனுப்பிய பிறகு

ஓர் இல்லத்துக்கு அனுப்புவதானால் நேரில் போய்ப் பாருங்கள். 2016இல் கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமேனி என்ற மனநலப் பராமரிப்பு நிறுவனத்திலிருந்து நோயாளிகளை முறையான உரிமமற்ற இல்லங்களுக்கு அவசரமாக மாற்றியதில் 144 பேர் இறந்தார்கள். நடக்க முடியாதவரைப் படிக்கட்டுள்ள வீட்டில் வைத்திருக்கிறார்களா, மருந்து யார் கையில் இருக்கிறது, இரவில் எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள், சோறு எப்படி என்று கேட்டுப் பதிலை எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதானால் ஒரே தாளில் இரண்டு ஏட்டின் சாரத்தையும் எழுதிக் கொடுங்கள்: மருந்துகள், எந்த வலி மாத்திரை கூடாது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது எப்படிப் பிடிக்கவேண்டும், தினம் என்ன வேலை, எத்தனை நிமிடம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டட்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள், பிறகு இடைவெளியைக் கூட்டலாம். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் வரவேண்டிய சந்தர்ப்பங்களையும் அதே தாளில் எழுதுங்கள்: காலின் முனையிலோ பிட்டத்திலோ சிவந்த இடம் அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காமல் இருந்தால், கை நடுக்கம் திடீரென்று கூடினால், இரண்டு நாள் தொடர்ந்து தூங்காவிட்டால், சாவைப் பற்றிப் பேசினால், சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்காவிட்டால்.